முப்பத்தெட்டுப் பொட்டு வைத்த மூங்கில்

கற்பூரத்தை ஏற்றி, ஏற்றிய கையாலேயே அடித்து அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்று எவராவது நிரூபித்தால் என் மீசையின் இடப்பக்கத்தை அவரே வந்து எடுத்துக்கொள்ளலாம், வலப்பக்கத்தை நானே அனுப்பிவைப்பேன். மூன்று இடங்களில் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கிறேன், அதை ஒத்துக்கொள்கிறேன். முழுதாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

மேற்குமலை அடிவாரத்தில் ஆலடிமடை என்று ஓர் ஊர். நடுவில் வில்லுடையாள் அம்மன் கோயில், அதற்கு மேற்கே மேலத்தெரு, கிழக்கே கீழத்தெரு, தெருவுக்குப் பத்தொன்பதாக முப்பத்தெட்டு வீடு. கோயிலை ஒட்டி இருப்பவை மச்சு வீடுகள், அங்கிருந்து தள்ளிப் போனால் ஓட்டு வீடுகள், அதையும் தாண்டினால் தகரம், தெருக்கோடியில் தென்னங்கீற்று. விஜயதசமியன்று அம்மன் குதிரை வாகனத்தில் ஏறி, ஊர்ப் பொதுவெளியான மந்தைக்குப் போய், பூசாரியின் கையால் வாழைமரத்தின்மேல் ஓர் அம்பு எய்வாள்; அம்பு வாழையில் பட்டால்தான் ஐப்பசி மழை மலையைவிட்டு இறங்கும். அந்த வில்லைப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்வார்கள்.

செய்கிறவன் நல்லகுத்தாலம் ஆசாரி. அவன் செய்யும் வில் தடசு மரத்தில் பிறக்கும். இரண்டு நுனியும் ஆவியில் வேகவைத்து முன்பக்கமாகத் திருப்பியிருக்கும். முதுகில், நுனிக்கு நுனி, பிளந்தெடுத்த ஒரே மூங்கில் பட்டை, பிளாச்சு என்பார்கள், ஒட்டியிருக்கும். இழுக்கும்போது வில்லின் வயிறு நசுங்கும், முதுகு இழுபடும், இழுபாட்டைத் தாங்க மூங்கிலை மிஞ்சிய பொருளைக் கடவுள் இன்னும் யோசிக்கவில்லை என்பது அவன் கட்சி. பிளாச்சின் தோலில் கத்தி படக்கூடாது. உட்பக்கத்தை மட்டும் சீவவேண்டும், கைபிடிக்கும் நடுவில் கனமாகவும் நுனிக்குப் போகப் போக மெல்லிசாகவும் சீவவேண்டும், ஒவ்வொரு கணுவுக்கும் கீழே மூச்சை அடக்கிக்கொண்டு சீவவேண்டும், ஏனென்றால் சீவியதை எந்த ஆசாரியும் திரும்ப ஒட்டியதில்லை.

நல்லகுத்தாலத்துக்கு வீடு கிடையாது. கோயில் வாகனக் கொட்டகையில், மரக்குதிரைக்கும் மரச்சிங்கத்துக்கும் நடுவே பாயை விரித்திருந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மேலத்தெருவின் கடைசி வீட்டில், தங்கை கோமுவோடு இருந்தவன். அந்த வருஷம் அவன் செய்த வில்லில், மேலத்தெருவுக்கென்று ஊர் எண்ணும் நுனி ஒரு சீவல் அதிகமாக இளைத்துவிட்டது. அம்பு வாழையை விட்டு விலகிப் போய்த் தவில்காரனின் தவிலில் இறங்கியது. ஊரே வாயடைத்து நின்றபோது கோமு மட்டும் சபையில் சொன்னாள், "எங்க அண்ணன் மேலப்பக்கத்த நோஞ்சானாக்கிட்டான், நான் சீவும்போதே பாத்தேன்." அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அவன் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டான். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே இருநூறு அடி தூரம், பன்னிரண்டு வருஷம், ஒரு பேச்சும் இல்லை. அந்த வருஷம் மழை தவறியதையும் ஊர் அவன் கணக்கில்தான் எழுதியது. ஆகவே இந்த வில் கோணாமல் இருக்கவேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் அவனுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஆலடிமடையில் ஒரு வழக்கம் உண்டு. பிளந்த மூங்கிலைக் கத்தி படுமுன் இரண்டு தெருவிலும் கொண்டு போவார்கள்; ஒவ்வொரு வீட்டாரும் வாசலுக்கு வந்து, தங்கள் வீட்டு வரிசைப்படி, அதன் தோலில் விரலால் ஒரு மஞ்சள் பொட்டு வைப்பார்கள். நடுவில் கோயில், கோயிலுக்கு இருபுறமும் மச்சு வீட்டுப் பொட்டுகள், நுனிகளில் கீற்று வீட்டுப் பொட்டுகள் என்று ஆறடிப் பிளாச்சுக்குள் ஊர் முழுவதும் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு மடைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பொட்டெல்லாம் போகக் கழுவித்தான் ஆசாரி கையில் கொடுப்பார்கள். ஏன் கழுவுகிறார்கள் என்று எவருக்கும் தெரியாது, நான் சொல்லவந்த வருஷம்வரை.

அந்த வருஷம் மடைக்கரையில் ஒரு சண்டை. தண்ணீர் வருவது மேற்கிலிருந்து, ஆகையால் எங்கள் நுனிதான் முதலில் நனையவேண்டும் என்றது மேலத்தெரு. சூரியன் வருவது கிழக்கிலிருந்து, ஆகையால் எங்கள் நுனிதான் என்றது கீழத்தெரு. குறுக்காகப் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் நனையுமே என்று ஒருவன் சொன்னதற்கு, அப்படியானால் கோயிலோரத்து வீட்டார் நடுவில் நனைவதா என்று மூன்றாவதாக ஒரு சண்டை முளைத்தது. முகூர்த்தம் தாண்டியது. மாசானம் பூசாரிக்குப் பசி. "ரெண்டு நுனியும் நனைய வேண்டாம் போங்கவே" என்று சொல்லி, மஞ்சள் மாறாத பிளாச்சைக் கொண்டுவந்து நல்லகுத்தாலத்தின் மடியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நவராத்திரி முதல் நாள் காலையில் அவன் கீழத்தெரு நுனியில் இழைப்புளியை வைத்தான். பூண்டுத் தோல்போல ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. அதே நேரத்தில் கீழத்தெருக் கடைசி வீட்டு வாசலில் நடந்துகொண்டிருந்த கிழவர் பலவேசத்தின் காலடி, புழுதியில் பதிவதை நிறுத்தியது.

மறுநாள் அங்கன்வாடி டீச்சர் குழந்தைகளை நிறுத்துப் பார்த்தாள். கோயிலோரத்துக் குழந்தைகள் நிறை மாறவில்லை, தெருக்கோடிக் குழந்தைகள் கன்னம் குறையாமல் பாதிக் கனம் குறைந்திருந்தார்கள். ஆபீசுக்கு எழுதிப் போட்டாள். ஆறு மூட்டை சத்துமாவு வந்து இறங்கியது. சாப்பிட்ட பிறகும் பிள்ளைகள் லேசாகவே இருந்தார்கள்; வயிறு மட்டும் நிறைந்தது. அதுவும் நல்லதுதான் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. மூன்றாம் நாள் தெருக்கோடிப் பெண்கள் சேலை முந்தியில் கூழாங்கல் முடிந்துகொண்டார்கள். நான்காம் நாள் மலைக்காற்று கொஞ்சம் உரத்து வீச, ஆட்டை மனிதன் கட்டிவைத்த காலம் போய், ஆட்டின் கயிற்றில் மனிதன் தன்னைக் கட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போனான். எதற்கும் எவரும் ஆச்சரியப்படவில்லை. கோயிலோரத்து மச்சு வீட்டார், நுனிக்கிளையில் புளி உலுக்கவும், ஓடு மாற்றவும், கோபுரத்து பல்பைத் துடைக்கவும் தெருக்கோடி ஆட்களையே கூப்பிட ஆரம்பித்தார்கள். லேசாக இருப்பவனுக்கு ஏணி எதற்கு என்று ஏணியையும் பரணில் போட்டுவிட்டார்கள். ஐந்தாம் நாளைக்குள் அதிசயம் அன்றாட வேலையாகிவிட்டது.

மூங்கில்தான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சீவத் தொடங்கிய ஆசாரியின் கையைப் பிடிக்கும் உரிமை அம்மனுக்கு மட்டுமே உண்டு, அம்மன் பிடிக்கவில்லை. நல்லகுத்தாலமும் நிறுத்தவில்லை. நடு கனமாக, நுனி மெல்லிசாக. கை பழகிய வழியில் போய்க்கொண்டிருந்தது. சீவல் விழும்போதெல்லாம் அவன் பொட்டைப் பார்க்காமல் மரச்சிங்கத்தைப் பார்த்துக்கொண்டான்.

ஆறாம் நாள் பலவேசம் செத்துப்போனார். வயசானவர், வயசுதான் காரணம். ஊருக்கு நெல் மூட்டை தூக்கியே கழுத்து உள்ளே போனவர். பாடை கட்டி, நாலு பேர் தோள் கொடுத்தார்கள். தூக்கியபோது, தூக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பச்சைத் தென்னங்கீற்றின் கனம் மட்டும்தான் இருந்தது, காற்று வேறு அதையும் பங்கு கேட்டது. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, சொல்லிவைத்தாற்போல, முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்து இழுத்து விட்டு, தோள் மாற்றி, பாரம் சுமப்பதுபோல் நடித்துக்கொண்டே மேலத்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போனார்கள். கொட்டகை வாசலில் நின்ற நல்லகுத்தாலம் அந்த நடிப்பைப் பார்த்தான். கையில் இழைப்புளி இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அன்று மத்தியானமே கோமு ஆள் அனுப்பினாள். கோமு முப்பது வருஷம் குவாரியில் ஜல்லி சுமந்தவள். எலும்பில் நோய் வந்து, டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கார்த்திகை தாண்டாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேலத்தெரு நுனியின் கடைசிப் பொட்டு அவளுடையது. நல்லகுத்தாலம் போனபோது அவளைச் சேலையால் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"வா. இருநூறு அடிக்குப் பன்னெண்டு வருசம். நத்தைக்குக்கூட ஒரு அவசரம் உண்டு" என்றாள்.

"கட்டு இறுக்கமா இருக்கோ?"

"அவுத்துப் பாரு, தெரியும்."

அவன் அவிழ்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான்; உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் கட்டில் தாழ்ந்து, அவள் தலைப்பக்கம் நாலு விரல் எழும்பியது. அவன் பயந்து எழுந்து தரையில் உட்கார்ந்தான்.

"வலிக்குதா?"

"வலி கொறவுதான். எலும்பு மேல பாரம் இல்லைல்லா. ஒன்னைத் திட்டுததுக்குக் கூப்பிடலை." அவள் சன்னலைப் பார்த்தாள். "பலவேச மாமா போனதப் பாத்தேன். நாலு பேரும் மூச்சு வாங்குத மாதிரி நடிச்சானுவ. அந்த மனுசன் இந்த ஊருக்கு எத்தன மூட்ட சுமந்திருப்பாரு. கடைசியில அவரச் சுமக்க ஒரு ஆளுக்குக்கூட வேல இல்லாமப் போச்சு."

அவன் கையில் ஒட்டியிருந்த மூங்கில் தூளை வேட்டியில் துடைத்தான்.

"நானும் சுமந்தவதான். மத்தவன் வீட்டுக்கு, மத்தவன் ரோட்டுக்கு. ஒருநாளு என்னைய நாலு பேரு சுமப்பான்னுதான் இருந்தேன். நடிக்காமச் சுமக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

"நுனி இன்னும் வெறப்பா நிக்குது கோமு" என்றான் அவன். "ரெண்டு பக்கமும் ஏழெட்டுச் சீவல் போகணும். போகலைன்னா வில்லு வளையாது."

"போன தடவ கூடச் சீவிட்ட. இந்தத் தடவ கொறச்சுச் சீவினா என்ன சொல்லுவானுவ?"

"தங்கச்சிக்காரி சொன்னது சரின்னு சொல்லுவானுவ."

"சொன்னது சரிதான்" என்றாள் கோமு. "சபையில சொன்னதுதான் தப்பு."

அவன் எழுந்து, அவள் கட்டை ஒருமுறை சரிபார்த்துவிட்டு வெளியே வந்தான். வரும்போது தெருவில் யாரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை, அவனும் யாரையும் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் பிளாச்சைத் தடசுக் கட்டைமேல் வைத்து, சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, சுவரில் அறைந்த முளையில் மாட்டிக் கயிற்றால் இழுத்துப் பார்த்தான். நடு பாறைபோல் நின்றது. நுனிகள் பிடிவாதமாக நின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட கொஞ்சம் இடம் மட்டும் வளைந்து, இன்னும் இழுத்தால் முறிவேன் என்று முனகியது. டியூபை அவிழ்த்தான்; எங்கேயாவது சீவித்தான் ஆகவேண்டும். அவன் கையின் பழக்கம் இழைப்புளியை மேலத்தெரு நுனிக்குக் கொண்டுபோனது. புரட்டிப் பார்த்தால், கடைசிப் பொட்டில் கோமுவின் விரல்ரேகை மஞ்சளாகத் தெரிந்தது. முழு மத்தியானமும் இழைப்புளி அங்கேயே, மூங்கிலுக்கு ஒரு மயிரிழை மேலே, இறங்காமல் நின்றது. வில்லோ ஒரு நல்ல வில்லாக வேண்டும், தங்கையோ ஒரு கனமுள்ள பிணமாக வேண்டும், இரண்டுக்கும் இருப்பதோ ஒரே மூங்கில் என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான், நாக்கு மரத்துப்போகும்வரை முணுமுணுத்தான்.

பிறகு பிளாச்சைத் திருப்பி, நடுவில் கத்தியை வைத்தான்.

நடுவைத் தொடுவது எந்த ஆசாரியும் செய்யாத காரியம். கை பிடிக்கும் இடம் கனமாகத்தான் இருக்கவேண்டும் என்று அவன் தகப்பனும் சொல்லியிருக்கிறான், தகப்பனின் தகப்பனும் சொல்லியிருக்கிறான், ஏன் என்று அவர்களை எவரும் கேட்டதில்லை. முதல் சீவல் விழுந்தபோது, கோயிலுக்கு அடுத்த மச்சு வீட்டில், கோயில் நிர்வாகி திருமலைக்கொழுந்து ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். யாரும் ஆட்டாமல் ஊஞ்சல் ஆடியது. மூன்றாவது சீவலில் அவர் எழுந்தார். எழுந்தவர் எழுந்த வேகத்தில் விட்டத்தில் தலையை இடித்துக்கொண்டார்.

நெல் உலர்த்திய இடத்தில் கொக்கு நடப்பதுபோல அகல அகலமாக அடி வைத்து அவர் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்.

"என்னவே ஆசாரி, நடுவுல கத்தி வைக்கீரு?"

"வில்லு கேக்குது அண்ணாச்சி."

"நுனியிலல்லாவே சீவணும். நுனி மெல்லிசு, நடு கனம். சின்னப் புள்ளைக்குத் தெரியும்."

"நுனி நெறயக் குடுத்துட்டு. இனிமே அங்க எடுத்தா மூங்கி இருக்காது, மஞ்சப் பொட்டு மட்டுந்தான் இருக்கும்."

"அதுக்கு என் பொட்டாவே கெடச்சுது?"

"ஒம்ம பொட்டுக் கீழதான் சதை இருக்கு" என்றான் நல்லகுத்தாலம். கேலியாகச் சொல்லவில்லை, விரலால் தடவிப் பார்த்துத்தான் சொன்னான்.

திருமலைக்கொழுந்து அவன் கையைப் பிடிக்கப் போனார். மாசானம் பூசாரி குறுக்கே வந்து, "ஆசாரி கையில கத்தி இருக்கு அண்ணாச்சி, தொட்டா அம்மன் கோபம்" என்று சொல்லிவைத்தார். அவர் வீடு கோயிலுக்கு நாலு வீடு தள்ளி, அன்றைக்கு இன்னும் கனமாகத்தான் இருந்தார். நிர்வாகி கோபத்தில் காலை ஓங்கித் தரையில் உதைத்தார். அது தப்பாகிப்போனது. வாகனக் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் நல்லகுத்தாலம் நடுவைச் சீவினான். கட்டி இழுத்துப் பார்த்தான், அவிழ்த்தான், சீவினான். இழைப்புளி கடிக்கும் இடத்தில் கண்ணாடிச் சில்லால் சுரண்டினான். நுனிகளில் கை வைக்கவில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் வில் கைப்பிடியிலிருந்தே வளைய ஆரம்பித்தது, பௌர்ணமி ஏறுவதுபோல, எங்கும் முனகாமல். தோலோடு மஞ்சளும் அப்படியே இருக்க, வஜ்ரப்பசை காய்ச்சி ஒட்டினான்.

விஜயதசமியன்று சாயங்காலம் நாலு மணிக்கு மந்தையில் ஊர் கூடியது. மச்சு வீட்டார் வழக்கம்போல் முன்வரிசையில் நின்றார்கள், ஆனால் ஒருவர் வேட்டியை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாசானம் பூசாரி வில்லை இழுத்தார். இவ்வளவு சுலபமாக ஒரு வில் வளைந்ததை அவர் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்பு புறப்பட்டது. கோணவில்லை. நேராக, ஆனால் அவசரமே இல்லாமல், அவ்வளவு மெதுவாகப் போனது. பக்கத்தில் நடந்தே போயிருக்கலாம் என்று பிறகு பலபேர் சொன்னார்கள். வாழைமரத்தைத் தொட்டது. குத்தவில்லை. தொட்டுவிட்டு, அதன் காலடியில் படுத்துக்கொண்டது.

பட்டதா படவில்லையா என்று ஒரு வாரம் ஊர் பேசியது. ஆசாரி இந்தத் தடவையும் கெடுத்துவிட்டான் என்றார்கள், இளைத்துப்போன வில் என்றார்கள், தவிலாவது கிழிந்தது போன தடவை, இப்போது வாழைப்பட்டைகூடக் கிழியவில்லை என்றார்கள். நல்லகுத்தாலம் கொட்டகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். ஐப்பசி மூன்றாம் தேதி மழை இறங்கியது, அதுவும் அம்பைப் போலவே, அவசரமில்லாமல், மண் குடிக்கிற வேகத்துக்கு.

மழையோடு காற்றும் வந்தது. கோயிலோரத்து ஆட்களுக்கு லேசாக இருந்து பழக்கமில்லை. கல் முடியத் தெரியாது, ஆட்டில் கட்டிக்கொள்ளத் தெரியாது, காற்றுக்கு முதுகைக் காட்டத் தெரியாது. முந்தியில் எத்தனை கல், எந்தப் பக்கம் என்று கேட்டு அவர்கள் முதன்முதலாகத் தெருக்கோடிகளுக்கு வந்தார்கள். திருமலைக்கொழுந்து கோமுவின் வீட்டுக்கு வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிடிச்சிக்கிடும்" என்றாள் கோமு. "நானும் அதிலதான் கட்டியிருக்கேன்."

"எத்தன நாளைக்கு இப்படி?"

"எனக்குக் கார்த்திகைவரைக்கும். ஒமக்குப் பன்னெண்டு வருசம்."

அவர் அதற்குப் பிறகு தினமும் வந்தார். கூழ் காய்ச்சினால் அவருக்கும் ஒரு கும்பா கொடுத்தார்கள்.

கோமு கார்த்திகை பிறந்த நாலாம் நாள், வெயில் ஏறிய நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். சேலைக்கட்டை நல்லகுத்தாலம்தான் அவிழ்த்தான். அவள் எழும்பவில்லை. ஒரு குடம் தண்ணீர் கனத்துக்கு, கட்டிலில் கிடந்தாள். அவன் சீவாமல் விட்டது அவ்வளவுதான். பாடைக்கு ஆள் தேடினார்கள். வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த மச்சு வீட்டார் மூன்று பேர், திருமலைக்கொழுந்தும் அதில் ஒருவர், கேட்காமலே முன்னால் வந்து மூலைக்கு ஒருவராக நின்றார்கள். தலைமாட்டில் ஒரு மூலை காலியாக இருந்தது. நல்லகுத்தாலம் அங்கே தோள் கொடுத்தான்.

தூக்கினார்கள். பஞ்சாகிப்போன மூன்று பேருக்கு ஒரு குடம் தண்ணீர் என்பது ஒரு மலை. திருமலைக்கொழுந்தின் தோள் உண்மையாகவே அழுந்தியது, கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்வை அரும்பியது, பாதி வழியில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். யாரும் நடிக்கவில்லை. சுடுகாட்டுப் பாதை மழையில் நனைந்து கிடந்தது. ஒன்றரை மாதமாகத் தரையில் பதியாத அந்த மூவரின் கால்களும், அவள் கனத்தில், குதிகால்வரை மண்ணில் இறங்கி இறங்கி எழுந்தன. பின்னால் போனவர்கள் அந்தக் காலடிகளை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார்கள்.

கதை இவ்வளவுதான். இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் வீடு கோயிலுக்கு மூன்றாவது வீடு. பன்னிரண்டு வருஷம் முடிய இன்னும் நாள் கிடக்கிறது. யாராவது கோபத்தில் ஓர் ஊது ஊதினால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கட்டில் கால்கூடக் கிடையாது.